ஹால் டிம்மரும் ஆறு மஞ்சள் பல்பும்

என் மனைவி செல்வராணியின் கடைக்கு யாராவது விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் கேட்டு வந்தால், அவள் டிம்மரை எடுத்துக் காட்டமாட்டாள். "பல்பக் கொண்டாந்தீங்களா?" என்றுதான் கேட்பாள். கொண்டுவரவில்லை என்றால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டுக்குப் போய், மாட்டியிருக்கிற பல்பைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டி கிடந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரவேண்டும். வருகிற லட்சுமியை வாசலோடு அனுப்புகிற இந்தப் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இன்னும் நாலு எலெக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. அங்கெல்லாம் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். இவள் ஒருத்திதான் பொருத்தம் பார்க்கிறாள்.

கேட்டால், "பொண்ணு யாருன்னு தெரியாம மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுப்பீங்களா?" என்பாள். அதற்கும் டிம்மருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் பதில் இன்னும் நீளமாக வரும்.

நான் ஆத்மநாதன். குவைத்தில் பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டினேன். இப்போது சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ. லோடு கிடைக்காத நாட்களில் செல்வராணிக்கு ஏணி பிடிக்கிற உத்தியோகம். கல்யாணத்துக்கு முன்பே ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவள் அவள். நான் அந்தப் பக்கம் பாலைவனத்தில் மணல் தின்றுகொண்டிருந்த காலத்தில், இந்தப் பக்கம் பாதி ஊருக்கு வயரிங் செய்து முடித்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் எனக்குப் பேரே இல்லை. 'கரண்டுக்காரம்மா வீட்டுக்காரர்' என்றால்தான் டீக்கடையில்கூட ஆள் தெரிகிறது.

அந்த டீக்கடைக்காரர் மூக்கன் கதையைச் சொன்னால் செல்வராணியை ஓரளவு புரிந்துகொள்ளலாம். படுக்கை அறையில் லேசான வெளிச்சம் வேண்டும் என்று மூக்கன் ஆசைப்பட்டார். யாரோ ஒரு புண்ணியவான் எல்.இ.டி. பல்புக்கு ஃபேன் ரெகுலேட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். பல்பு மின்னியது, தேனீ மாதிரி ரீங்காரம் போட்டது, பத்து நாளில் செத்துப்போனது. அடுத்த பல்பும் அப்படியே. மூன்றாவது பல்பும் போனபிறகுதான் செல்வராணியிடம் வந்தார்.

"அண்ணே, குண்டு பல்புக்குள்ள வெறும் கம்பிதான் இருக்கு. கரண்டக் கொறைச்சா கம்பி கம்மியாச் சூடாகும், வெளிச்சம் தன்னால கொறையும். எல்.இ.டி.க்குள்ள ஒரு சின்ன சர்க்யூட்டு ஒக்காந்திருக்கு. கொறைச்சுக் குடுக்குறது அதுக்குப் புரியணும். புரியுற பல்புன்னா பெட்டியில 'டிம்மபிள்'னு போட்டிருப்பான். போடாத பல்ப டிம்மர்ல மாட்டுனா அது என்ன பண்ணும், பாவம்?" என்றாள்.

செத்த பல்புக்குப் பரிதாபப்பட்ட அளவுக்கு அவள் மூக்கன் அண்ணனுக்குப் பரிதாபப்படவில்லை. ஆனால் சரியான பல்பையும், எல்.இ.டி.க்கென்றே வருகிற டிம்மரையும் அன்றைக்கே மாட்டிவிட்டாள். மனிதர் இப்போது நன்றாகத் தூங்குகிறார். காலையில் கடைதான் தாமதமாகத் திறக்கிறது.

இவ்வளவு விவரமான பெண்ணின் புருஷன் நான், இனிமேல் சொல்லப்போகிற கூத்துக்குக் காரணமானேன் என்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கோட்டைப்பட்டினம் ரோட்டில் அருள்மணி வீடு கட்டினான். குவைத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், இன்னும் அங்கேதான் வண்டி ஓட்டுகிறான். வீட்டை இங்கே நின்று கட்டியவள் அவன் மனைவி அமுதவல்லி. ஜல்லி, சிமெண்ட், கொத்தனார் எல்லாம் அவள் பொறுப்பு. அழகு பார்க்கிற பொறுப்பு மட்டும் அருள்மணியின் அக்கா ராஜலட்சுமியுடையது. புதுக்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை வந்து, ஜன்னல் திரையிலிருந்து ஃபால்ஸ் சீலிங் வரை எல்லாம் அந்த அம்மாதான் தேர்வு செய்தார். ஹால் கூரைக்குள் வட்டவட்டமாக எட்டு எல்.இ.டி. விளக்கு வைக்கச் சொன்னதும் அவர்தான். செல்வராணி டிம்மபிள் பல்பாகப் பார்த்து எட்டையும் வாங்கிப் பொருத்தினாள்.

டிம்மர் மட்டும் அருள்மணியின் ஆசை. அவன் வேலை பார்க்கிற அரபி வீட்டில் சுவரில் ஒரு திருகு இருக்குமாம். சாயங்காலம் ஆனால் முதலாளி அதை மெதுவாகத் திருப்புவாராம், வீடே அடங்கிப்போகுமாம். இவன் வெளியே காரில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். நம் வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று பல வருடம் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறான். ஒருநாள் அங்கே கடைக்குள் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டான்.

"அண்ணே, டிம்மர் சின்னதும் இருக்கு, பெருசும் இருக்கு. எத எடுக்க?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாடா? பெருசா எடு. பெருசுன்னா தாங்கும்."

எங்கள் பக்கத்து ஆட்களின் ரத்தத்தில் ஊறியது இது. மூன்று எச்.பி. மோட்டார் போதும் என்றால் ஐந்து வாங்குவோம். ஒயர், பைப்பு, தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும் தேவைக்கு ஒரு சைஸ் கூடத்தான். நானும் அந்த வழக்கப்படிதான் சொன்னேன். பக்கத்தில் பத்தடி தூரத்தில் நின்ற பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. உள்ளூர் மாடு விலைபோகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கார்கோ பெட்டியில் டிம்மர் வந்து சேர்ந்தது. பால் காய்ச்சுவதற்கு மூன்று நாள் முன்னால் செல்வராணி அதை மாட்டித் திருகினாள். எட்டு விளக்கும் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கின. கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தாள்.

"இத வாங்கச் சொன்னது யாரு?"

நான் ஃபால்ஸ் சீலிங்கின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பின்னாடி ரெண்டு நம்பர் போட்டிருக்கான். அதிகம் போனா அறநூறு வாட்ஸ், கொறைஞ்சது அறுபது. அதிகத்த மட்டும் எல்லாரும் பாப்பாங்க. கொறைஞ்சத ஒரு மனுசனும் பாக்க மாட்டான். நம்ம பல்பு ஒண்ணு அஞ்சு வாட்ஸ், எட்டும் சேந்து நாப்பது. கல்யாண அண்டாவுல ஆழாக்கு அரிசியப் போட்டா வேகுமா, அடிப்பிடிக்குமா?"

இதற்குத் தகுந்த எல்.இ.டி. டிம்மர் அறந்தாங்கியில் இல்லை. திருச்சிக்குச் சொன்னாள். பார்சல் திங்கட்கிழமை வரும் என்றார்கள். பால் காய்ச்சுவதோ ஞாயிற்றுக்கிழமை. டிம்மரை எடுத்துவிட்டுச் சாதா சுவிட்ச் போடலாம் என்றால் அருள்மணி போனிலேயே அழாத குறை. லீவு கிடைக்காமல் வீடியோவில்தான் தன் வீட்டுப் பால் காய்ச்சுவதைப் பார்க்கப்போகிறான், அந்தத் திருகையாவது பார்க்கவேண்டுமாம். சனிக்கிழமை மத்தியானம்வரை இழுத்துப் பார்த்துவிட்டு, "சுவிட்சுதான், வேற வழியில்ல" என்று செல்வராணி முடிவுக்கு வந்துவிட்டாள். வாங்கச் சொன்னவன் நான் என்பதால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொய் சொல்வானேன், பாதிதான் இறங்கியது.

அன்று சாயங்காலம் அமுதவல்லியின் அண்ணன் அழகுமலை குளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். நான்தான் ஆட்டோவோடு போயிருந்தேன். கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. புதுக்கோட்டையில் பஸ் மாறியபோதும் அதைக் கீழே வைக்கவில்லையாம். மற்றச் சீரெல்லாம் காலையில் சொந்தக்காரர்களோடு வேனில் வருகிறது, இதை மட்டும் நம்பி ஏற்ற மனசில்லை என்றார். பிறந்த வீட்டுச் சீராக அவர் கொண்டுவந்தது ஆறு கை வைத்த பித்தளைத் தொங்கு விளக்கு. மெழுகுவத்தி வடிவத்தில் ஆறு பல்பு.

"வெள்ள வெளிச்சம் எனக்குப் பிடிக்காது ஆத்மநாதா. ஆஸ்பத்திரி கணக்கா இருக்கும். அதான் மஞ்சளா எரியுறதாக் கேட்டு வாங்குனேன்" என்றார். நிலக்கடலை பயிரிட்டுச் சம்பாதிக்கிற மனிதர். அந்தப் பெட்டியை எங்கள் ஆட்டோவில்கூடப் பின்னால் வைக்க விடவில்லை.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் ராஜலட்சுமி கன்னத்தில் கை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த சீலிங்குக்கு எடுக்காதுங்க. போர்டிகோவுல மாட்டிட்டா வாசலுக்கு லட்சணமா இருக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் சொல்லமாட்டேன். அவருக்கு அந்த ஹால் தான் பெற்ற பிள்ளை மாதிரி. ஆனால் அழகுமலை உடனே, "ஒங்க சவுரியங்க" என்று பெட்டியை மூடிவிட்டார்.

அடுப்படிப் பக்கம் அமுதவல்லி செல்வராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங் கல்யாணத்துக்கு அண்ணன் குடுத்த பீரோவ மாடி ரூம்ல கொண்டுபோயிப் போட்டாங்க. பேசாம இருந்துட்டேன். இப்ப வெளக்கயும் வாசலுக்கு அனுப்புறாங்க. நாளைக்கு அத்தன சொந்தமும் வந்து நிக்கும். எங்க பொறந்த வீட்டுச் சீர் உள்ள இல்லாம நான் எந்த மொகத்தோட பால் காச்சுவேன்?"

செல்வராணி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வித்தை அவளுக்கு வராது. நேரே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே குண்டு பல்பு மாதிரியே கம்பி. அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"இது ஹால்லதான் மாட்டணுங்க. வயரிங் அப்பிடி" என்றாள் ராஜலட்சுமியிடம்.

வயரிங் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் என்ன பேசமுடியும்? அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு திரையைச் சரிசெய்யப் போய்விட்டார். நான் ஏணியைப் பிடித்தேன். ஹால் நடுவில் ஃபேனுக்கென்று விட்டிருந்த கொக்கியில் விளக்கைத் தொங்கவிட்டு, சீலிங்குக்குள் கையை விட்டு எட்டு விளக்குக்குப் போகிற ஒயரோடு இதையும் சேர்த்தாள். கீழே இறங்கி, பெரிய டிம்மரையே திரும்பவும் மாட்டித் திருகினாள்.

எட்டு வெள்ளை விளக்கும் ஆறு மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரிந்தன. குறைத்தாள், சேர்ந்து குறைந்தன. ஒரு நடுக்கம் இல்லை.

"அப்பாடா, ரிப்பேர் பண்ணிட்டீங்களா!" என்று ராஜலட்சுமி சந்தோஷப்பட்டார். செல்வராணி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "எப்பிடிடீ?"

"அழகுமலை அண்ணன் கொண்டாந்த பல்பு ஒண்ணு இருவத்தஞ்சு வாட்ஸ். ஆறும் நூத்தம்பது. நம்ம நாப்பதோட சேத்தா நூத்துத் தொண்ணூறு. நீங்க வாங்கச் சொன்ன அண்டாவுக்கு இப்பத்தான் அரிசி ரொம்புச்சு."

"அதச் சபையில சொல்ல வேண்டியதுதானே?"

"அண்ணனுக்காக நான் கத கட்டுறேன்னு நெனப்பாங்க. கரண்ட யாரும் சொல்லி நம்ப மாட்டாங்க. கண்ணால பாத்தாத்தான்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல் முகூர்த்தம். மேளத்தோடு சீர்த்தட்டு உள்ளே வந்தது. ஹாலை ஒட்டியே திறந்த அடுப்படி. அங்கே புது அடுப்பில் புதுப் பானை வைத்து, கையில் தீப்பெட்டியோடு அமுதவல்லி நின்றாள். ராஜலட்சுமி கையில் போன், போனுக்குள் அருள்மணி. அவன் ஆசைக்காகச் செல்வராணி டிம்மரைத் திருகிக் காட்டிப் பாதி வெளிச்சத்தில் நிறுத்தினாள். அவன் அங்கே கைதட்டினான்.

"அக்கா, நடுவுல ஒரே மஞ்சளா அடிக்குது. ஆள் மொகமே தெரியல" என்றான். வெள்ளந்தியாகத்தான் சொன்னான்.

ராஜலட்சுமி மேலே பார்த்தார். "அந்த ஆறு பல்ப மட்டும் இப்போதைக்குக் கழட்டிரலாமா? வெளக்கு பாட்டுக்குத் தொங்கட்டும். அதான் டிம்மர் நல்லாயிருச்சே."

ஹாலில் இருந்த நாற்பது பேரும் அழகுமலையைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை இனி ஒருமுறை பார்க்க எனக்கு விருப்பமில்லை. "அதுக்கென்னங்க, நானே கழட்டுறேன்" என்று ஏணியை இழுத்துப்போட்டு ஏறிவிட்டார்.

நான் செல்வராணியின் முழங்கையை இடித்தேன். "வாயத் தொறடீ."

"ஏணியப் பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். பல்பு சுட்டது. தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அழகுமலை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். ஒன்று. இரண்டு. எடுத்ததைத் துண்டின் மறுமுனையில் போட்டுக்கொண்டார். மூன்று. அமுதவல்லி தீக்குச்சியை எடுக்கவேயில்லை, அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு. எட்டு வெள்ளை விளக்கும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் எரிந்தன. ஐந்து. இவள் கணக்கு தப்பாக இருந்தால் அந்த மனிதரின் மானத்தை நாங்களே ஏணி போட்டு இறக்கியதாகிவிடும் என்று கோபம் கோபமாக வந்தது.

ஆறாவது பல்பு கழன்றது.

எட்டு விளக்கும் ஒன்றாக உதறத் தொடங்கின. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். "சகுனம் சரியில்லையே" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். போனுக்குள் அருள்மணி, "என்னாச்சு? ஏன் லைட்டு ஆடுது? அண்ணே, என்னாச்சு?" என்று கத்தினான்.

"செல்வராணி, என்னன்னு பாருங்க!" ராஜலட்சுமி பதறினார்.

"பாக்க ஒண்ணுமில்லைங்க. இந்த டிம்மருக்கு ஒங்க எட்டு வெளக்கு பத்தாது. அவங்க வெளக்கு தாங்குறதாலதான் நேத்துலேருந்து ஒங்க வெளக்கு நிக்கிது. கையில இருக்குற அந்த ஒரு பல்ப மாட்டச் சொல்லுங்க."

அழகுமலை மாட்டினார். நடுக்கம் சட்டென்று நின்றது.

ராஜலட்சுமி லேசில் விடுகிற ஆள் இல்லை. "இன்னொரு தடவ கழட்டுங்க" என்றார். கழற்றினார், உதறியது. மாட்டினார், நின்றது. இப்போது எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தார்கள். சகுனம் பேசிய ஆள் சத்தத்தையே காணோம்.

"அப்ப ஒண்ணு இருந்தாப் போதுமா?" ராஜலட்சுமி மெதுவாகக் கேட்டார்.

"கணக்குக்கு ஒண்ணு போதும்" என்றாள் என் மனைவி. உண்மையைச் சொல்ல நேரம் காலம் பார்க்கத் தெரியாதவள். எனக்கு அவளை ஏணியோடு சேர்த்துத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அழகுமலை ஏணியில் நின்றபடியே தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு போதுமாம் அமுதா."

"ஆறையும் மாட்டுண்ணே."

புருஷன் வீட்டுச் சொந்தத்துக்கு முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் அன்றுதான் கேட்டேன். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது. "ஆறும் எரியட்டும். அப்பறந்தான் அடுப்பப் பத்தவைப்பேன்."

போனுக்குள் அருள்மணி, "மாட்டுங்க மச்சான். ஆள் மொகம் தெரியாட்டி என்ன, வீடு தெரிஞ்சாப் போதும்" என்றான்.

ராஜலட்சுமி போனை என் கையில் கொடுத்தார். ஏணிக்கு அடியில் வந்து இரண்டு கையையும் உயர்த்தினார். "துண்ட இப்பிடிக் குடுங்க. நான் எடுத்துத் தாரேன், நீங்க மாட்டுங்க" என்றார். பட்டுச்சேலைத் தலைப்பால் ஒவ்வொரு பல்பையும் துடைத்து மேலே நீட்டினார். அழகுமலை வாங்கி மாட்டினார். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாவது எரிந்ததும் அமுதவல்லி தீக்குச்சியை உரசினாள்.